மீடியம் மட்டும் கொண்டு வருகிறவர்களுக்கு

தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்களுக்குக் காற்றழுத்தம் தருகிற சிபாப் மெஷினும் மாஸ்க்கும் விற்று, வீடு தேடி வந்து பொருத்தியும் தருகிற அன்பர்களுக்கு,

உங்களில் பலர் நல்லவர்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வரப்போவது கொஞ்சம் கசக்கும். கொட்டுகிற மழையிலும் பைக்கில் மெஷினை வைத்துக்கொண்டு வந்து சேருகிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் அடித்தாலும் எடுக்கிறீர்கள். ஆனால் உங்கள் பையில் இருப்பது மீடியம். மீடியம் தீர்ந்துவிட்டால் லார்ஜ். ஐந்தடி உயரம்கூட இல்லாத, கன்னம் ஒட்டிய, சின்ன மூக்குக்காரி ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருந்தாலும் அந்த மீடியம்தான் வெளியே வருகிறது. பட்டையை இழுக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் இழுக்கிறீர்கள், "போகப் போகப் பழகிடும்மா" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள்.

பழகுவதில்லை. பெரிய மாஸ்க்குக்கு ஏற்றாற்போல மூக்கு வளருமா என்ன?

நான் ஐம்பதைக் கடந்தவள், சின்ன முகம். எங்கள் வீட்டுப் பெண்கள் பலருக்கும் இதே முகவாகு, குறட்டையும் அப்படியே வழிவழியாக வந்திருக்கிறது. ஆகவே சிபாப் போடுகிற பெண்களின் பேச்சு என் காதில் நிறைய விழுகிறது. மெஷினைக் குறை சொல்லி நான் கேட்டது அபூர்வம். சத்தம் பழகிவிடுகிறது, குழாய் பழகிவிடுகிறது, கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்குக்கூட ஏதோ ஒரு வழி பிறந்துவிடுகிறது. எல்லாப் புலம்பலும் மாஸ்க்கில் வந்துதான் முடியும். கண்ணில் காற்றடிக்கிறது, மூக்குத்தண்டில் புண், வாய் காய்கிறது, நடு ராத்திரியில் புர்ரென்று சத்தம்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. பெரும்பாலான மாஸ்க்குகளின் சிலிகான் குஷனில் தோலைத் தொடுகிற விளிம்பு மெல்லியது. உள்ளே வருகிற காற்றால் அது லேசாக உப்பித் தோலோடு படிய வேண்டும். பட்டையை முறுக்கினால் அந்த விளிம்பு மடங்கிப் போகிறது, மடங்கின இடத்தில் காற்று கசிகிறது. லீக் ஆகிறதே என்று இன்னும் முறுக்கினால் இன்னும் மடங்குகிறது. குஷனே பெரிது என்றால் கேட்கவே வேண்டாம். மேல் விளிம்பு மூக்குத்தண்டைத் தாண்டிக் கண்ணோரத்தில் போய் உட்காரும், கீழ் விளிம்பு உதட்டில் இறங்கும். கண்ணோரத்தில் தோல் குழிந்திருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் அங்கே அடைபடாது. காலையில் எழுந்தால் கண் சிவந்து மணல் போட்டதுபோல உறுத்தும். "ஏசி காத்தும்மா அது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது.

மாஸ்க்கில் காற்று வெளியேறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாம் விடுகிற மூச்சு போவதற்காக அதில் துளைகளை வைத்தே செய்திருக்கிறார்கள். அந்தக் கசிவைக் கணக்கில் சேர்த்துத்தான் மெஷின் ஓடுகிறது. தொல்லை அதற்கு மேற்பட்ட கசிவில். ரெஸ்மெட் மெஷினில் இந்தக் கூடுதல் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் காலையில் திரையில் சிவப்பாக முகம் சுளித்துக் காட்டும். அந்தச் சுளித்த முகத்தைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புகிறோம். "பட்டையை டைட் பண்ணுங்க" என்று பதில் வருகிறது.

இதற்குப் பிறகு நடப்பது உங்கள் கண்ணில் படுவதில்லை, ஆகவே எழுதுகிறேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போடுகிறோம். தூங்கின பிறகு நம்மை அறியாமலே கை அதைக் கழற்றி வீசிவிடுகிறது. மெஷின் பீரோவுக்கு மேலே ஏறுகிறது, அதன் மேல் ஒரு துண்டு விழுகிறது. மகன் வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறான்: "அவ்வளவு பணம் போட்டு வாங்கினோம், அம்மா போடவே மாட்டேங்கிறாங்க." அடுத்த தடவை டாக்டர் மெஷினில் இருக்கிற கார்டைப் போட்டுப் பார்க்கிறார், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்றுதான் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டுக்காரர்கள் ஓர் இரவுக்கு 4 மணி நேரம், 70 சதவீத இரவுகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை எட்டினால்தான் மெஷினைப் பயன்படுத்துவதாக ஒப்புக்கொள்வார்கள். இங்கே அப்படிக் கறாராக யாரும் கேட்பதில்லை என்றாலும் டாக்டரின் திட்டு உண்டு. ஃபைலில் நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று ஒரு வரி ஏறிவிடுகிறது. என்ன மாஸ்க், என்ன அளவு என்று அந்த ஃபைலில் எங்கேயும் இல்லை. பிரஷர் எவ்வளவு என்பதைத் தசமப் புள்ளியோடு குறிக்கிறவர்கள், அந்தப் பிரஷர் எந்த வழியாக முகத்துக்குள் போகிறது என்பதை எழுதாமல் விடுவது எனக்கு இன்றும் விளங்காத விஷயம்.

தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிற இந்த வியாதி கழுத்துப் பருத்த, தொந்தி போட்ட ஆண்களுக்கு வருவது என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கும் உண்டு, மாதவிலக்கு நின்ற பிறகு கூடுதலாக வருகிறது என்பது இப்போது தெரிந்த சங்கதி. ஆனால் நாங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்வது குறட்டையை அல்ல. தூக்கம் பிடிக்கவில்லை, விடியற்காலையில் தலை வலிக்கிறது, பகலெல்லாம் அசதி என்கிறோம். ரத்தசோகை என்பார்கள், தைராய்டு என்பார்கள், மனக்கவலை என்பார்கள். மாத்திரைச் சீட்டு மாறிக்கொண்டே இருக்கும். எங்கெங்கோ சுற்றி ஒருநாள் ஸ்லீப் ஸ்டடி செய்து, மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைப்படுகிறது என்று தெரியவரும்போது வயது பாதி போயிருக்கும். அத்தனையையும் தாண்டி வந்து கடைசியில் உங்களிடம் நிற்கிறோம். அந்தக் கடைசிப் படியில் ஓர் அளவு பொருந்தாமல் எல்லாம் பாழாகிறது என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

சின்ன முகம் என்றாவது ஒருநாள் வருகிற வாடிக்கை என்று உங்களுக்குத் தோன்றலாம். அதனால்தான் சரக்கு எடுப்பதில்லை என்கிறீர்கள். சற்று நின்று யோசியுங்கள். தாடை சிறியதாகவோ பின்னுக்கு ஒதுங்கியோ இருந்தால் நாக்குக்குப் பின்னால் மூச்சு போகிற வழி இயல்பிலேயே குறுகல். படுத்ததும் நாக்கு சரிய, அது இன்னும் அடைபடுகிறது. உடம்பில் சதையே இல்லாத ஒல்லிகளுக்கும் இந்த வியாதி வர இது ஒரு காரணம். அதாவது சின்ன முகவாயோடு பிறந்ததாலேயே உங்கள் கடைக்கு வரவேண்டியிருக்கிறவர்கள் இருக்கிறோம். ஊரில் யார் கடையில் எங்கள் அளவு இல்லாவிட்டாலும் உங்கள் கடையில் இருக்க வேண்டாமா?

அளவு என்றதும் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்கிற ஒற்றை வரிசையைத்தான் நினைக்கிறீர்கள். முகம் அப்படி அமைவதில்லை. எங்களில் பலருக்கு முகம் குட்டை, மூக்குத்தண்டு தாழ்வு, ஆனால் நாசி அகலம். உயரத்துக்கு ஸ்மால் எடுத்தால் பக்கவாட்டில் நாசியை நெரிக்கும். அகலத்துக்கு மீடியம் எடுத்தால் கண்ணில் காற்று. தூசி, கிருமி தடுக்கும் மாஸ்க் செய்கிறவர்களுக்கு இந்தப் பாடம் முன்பே கிடைத்தது. அமெரிக்காவில் 1967, 1968 ஆண்டுகளில் விமானப்படைக்காரர்களை அளந்து எடுத்த கணக்கை வைத்துத்தான் 1970-களில் அதற்கான முக அளவுகளை வகுத்தார்கள். அது வேலைக்குப் போகிற எல்லாருடைய முகத்துக்கும் பொருந்தாது என்று கண்டு, 2003-இல் ஏறத்தாழ 4,000 பேரின் முகங்களைப் புதிதாக அளந்தார்கள். அதிலிருந்து சிறியது, நடுத்தரம், பெரியது என்ற மூன்றோடு, நீண்டு ஒடுங்கியது, குட்டையாய் அகன்றது என்று இன்னும் இரண்டு தலை மாதிரிகள் பிறந்தன. அந்த ஐந்தாவது மாதிரி எங்கள் தெருவில் நடமாடுகிறது.

சிபாப் மாஸ்க் செய்கிறவர்களுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. உங்களிடம் உள்ள கேட்லாக்கைப் புரட்டிப் பாருங்கள். ரெஸ்மெட்டின் என்30ஐ மாஸ்க்குக்கு ஸ்மால் வைட் என்றே ஒரு குஷன் உண்டு. பிலிப்ஸ் டிரீம்வேரில் மீடியம் வைட் உண்டு, தலையைச் சுற்றி வரும் ஃபிரேமும் தனியாக மூன்று அளவில் வருகிறது. ஃபிஷர் அண்ட் பேக்கலின் பிரெவிடாவில் எக்ஸ்ட்ரா ஸ்மாலும் ஸ்மாலும் சேர்ந்த ஒரு குஷன். மூக்குத் துளையில் மட்டும் உட்காரும் ரெஸ்மெட்டின் பி10-இல் பெண்களுக்கென்று வருகிற பெட்டியில் எக்ஸ்ட்ரா ஸ்மால் இருக்கிறது. ஆகவே "இந்த அளவே வர்றதில்லம்மா" என்று யாராவது சொன்னால் இனிமேல் நாங்கள் நம்புவதாக இல்லை.

ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வாய் திறந்து தூங்குவீங்களா?" என்று கேட்கிறீர்கள். எங்களுக்கெப்படித் தெரியும், தூங்கிக்கொண்டல்லவா இருக்கிறோம்! பக்கத்தில் இருக்கிறவர் ஆமாம் என்றதும் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் வந்துவிடுகிறது. அது கட்டாயம் தேவைப்படுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூக்கடைப்பால் வாயைத் திறக்கிறவர்களே நிறைய. அடைப்புக்கு வைத்தியம் பார்த்து, காற்றை ஈரமாக்குகிற ஹியூமிடிஃபையரைச் சரியாக வைத்தால் பலருக்கு மூக்கு மாஸ்க்கே போதும். ஃபுல் ஃபேஸ் போடுகிறவர்களுக்குக் கூடுதல் பிரஷர் தேவைப்படுவதையும், அவர்கள் மாஸ்க்கைப் போட்டிருக்கிற நேரம் குறைவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதன் பட்டை தாடையைப் பின்னால் தள்ளுவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஏற்கெனவே பின்னுக்கிருக்கிற தாடையை இன்னும் பின்னுக்குத் தள்ளினால் யாருக்கு லாபம்? விளிம்பு நீளம் கூடக்கூடக் கசிகிற இடமும் கூடுகிறது, சின்ன முகத்தில் அதற்கு இடமும் கிடையாது. டாக்டர் ஃபுல் ஃபேஸ்தான் என்று தீர்மானமாக எழுதியிருந்தால் சரி. அவர் வெறுமனே மாஸ்க் என்று எழுதியிருக்கிற சீட்டுக்கு நீங்களாக அதை எடுத்து நீட்டாதீர்கள்.

அதோடு, ஃபுல் ஃபேஸ் மாஸ்க்குகள் சிலவற்றில் பட்டையை மாட்டக் காந்தக் கொக்கி இருக்கிறது. பிலிப்ஸ் 2022-இலும் ரெஸ்மெட் 2023-இலும் அதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கின்றன. பேஸ்மேக்கர் மாதிரி உடம்புக்குள் வைத்த கருவிக்கு 6 அங்குலத்துக்குள் அந்தக் காந்தம் வரக்கூடாது. போடுகிறவருக்கு மட்டுமில்லை, பக்கத்தில் படுப்பவருக்கும் பொருந்தும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் உண்டா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

மூக்குத்தியைப் பற்றியும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் கடையில் ஒரு பெண்ணை வேலைக்கு வையுங்கள், அதுவும் நல்லதுதான். மூக்குத் துளையில் உட்காருகிற மாஸ்க் என்றால் உள்ளே இருக்கிற திருகாணியில் போய் முட்டும். மூக்கை மூடுகிற மாஸ்க் என்றால், சின்னக் குஷனின் சுவர் சரியாக மூக்குத்தியின் மேலேயே ஏறி உட்காரும். அங்கே லீக், அங்கேயே வலி. "கழட்டிட்டுப் படுங்க" என்பது சுலபம். நாற்பது வருஷமாகக் கழற்றாததைக் கழற்றினால் துளை தூர்ந்து போகும் என்கிற பயம் ஒரு பக்கம், கழற்றவே மனம் வராத பெரியவர்கள் இன்னொரு பக்கம். மூக்குக்கு அடியில் தாங்குகிற மாதிரி ஒன்றைப் போட்டுப் பார்க்கலாமா, தட்டையான சின்ன மூக்குத்தியாக மாற்றினால் சரியாகுமா என்று உட்கார்ந்து பார்க்கிற பொறுமைதான் வேண்டியது. பிறகு கொண்டை. பின்பட்டை எங்கே விழுகிறதோ அங்கேதான் எங்கள் கொண்டையும் இருக்கிறது. தலை சிறியதாக இருப்பதால் பட்டையைக் கடைசிவரை இழுத்து ஒட்டிய பிறகும் தொளதொள என்றிருக்கிறது. மடித்து ஊசிநூலால் தைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் எங்களில் உண்டு. கன்னத்தில் பட்டை பதிகிற இடத்துக்குப் பழைய வேட்டித் துணியைக் கிழித்து உறை தைக்கிறவர்களும் உண்டு. தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றிக்கு இறங்கினால் சிலிகான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். படுக்கும் முன் முகம் கழுவச் சொல்லித் தருவதற்கு ஒரு நிமிடம் போதும். பல் செட் வைத்திருக்கிற பெரியவர்களை அதோடு அளக்கிறீர்கள். அவர்கள் ராத்திரி அதைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள், கன்னம் உள்ளே போய்விடுகிறது, பகலில் பொருந்தினது ராத்திரியில் பொருந்தாமல் போகிறது.

இந்த வைத்தியம் பிறந்த கதையைக் கேட்டால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற மருத்துவர் இதைத் தொடங்கியபோது கடையில் வாங்க மாஸ்க் ஏது? அந்த முதல் சில ஆண்டுகளில் ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் பிளாஸ்டரில் அச்செடுத்து, அந்த அச்சுக்கு மாஸ்க் வார்த்தார்கள். படுக்கப்போகும்போது சிலிகான் பசை போட்டு முகத்தில் ஒட்டி, காலையில் பிய்த்தெடுப்பார்கள். ஐந்து பேரிடம் இது பலித்ததை 1981-இல் லான்செட் இதழில் எழுதினார். பசை போட்டு ஒட்டுகிற கஷ்டம் போனது நல்லதே. அச்செடுத்த அக்கறையும் கூடவே போயிருக்க வேண்டாம்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். மாஸ்க் ஒன்று பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. எல்லா அளவும் வாங்கி அடுக்கினால் பணம் முடங்கும். முகத்தில் வைத்துப் பார்த்ததை இன்னொருவருக்கு விற்க முடியாது. ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மற்ற இரண்டு வீடு தள்ளிப்போகும். எல்லாம் சரி. ஆனால் அளவுத்தாளுக்குக் காசு இல்லை, கம்பெனிக்காரர்களே தருகிறார்கள். மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அதில் வைத்துப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால்கூட நாங்கள் அனுப்புவோம், கிளம்பும் முன்பே எதை எடுத்து வைப்பது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். பல மாடல்களில் ஃபிரேம் ஒன்றுதான், குஷனைத்தான் மாற்ற வேண்டும். சிலவற்றில் ஒரே பெட்டிக்குள் பல அளவுக் குஷன்களைப் போட்டே தருகிறார்கள். அப்படி வருகிற பெட்டியைப் பிரித்து, மீடியத்தை மட்டும் எங்களிடம் கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தனியாக விற்கிறவர் உங்களில் யாராவது இருந்தால், அவருக்கு நான் வேறொரு மடல்தான் எழுத வேண்டும். அமெரிக்காவில் பல கடைகளில் 30 நாளுக்குள் பொருந்தவில்லை என்றால் மாஸ்க்கை மாற்றித் தருகிறார்கள். இருநூறு ரூபாய்ச் செருப்பைப் போட்டு நடந்து பார்த்து வாங்கச் சொல்கிற ஊர் இது. ராத்திரி முழுக்க மூச்சுக்கு நம்பி இருக்கப்போகிற ஒன்றை, பெட்டியைத் திறந்தால் உன்னுடையது என்று சொல்வது எந்த ஊர் வியாபாரம்?

ஆகவே கேட்கிறேன். முதலில் அளந்து பாருங்கள்; உட்கார்ந்தபடி இல்லை, படுக்க வைத்து. நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கிற முகம் வேறு, தலையணையில் சாய்ந்த முகம் வேறு. மெஷினை ஓட விட்டு, டாக்டர் எழுதிய பிரஷருக்கு வந்த பிறகு பட்டையைச் சரி செய்யுங்கள். சில மெஷின்களில் இதற்கென்றே மாஸ்க் ஃபிட் என்று ஒரு வசதி இருக்கிறது. பின்பு இடப்பக்கம், வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, கண்ணோரத்தில் உங்கள் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். பல் செட் கழற்றுகிறவர் என்றால் கழற்றிவிட்டுப் பாருங்கள். கொண்டை போடுகிறவர் படுக்கும்போது எப்படி முடிவாரோ அப்படி முடிந்துகொண்ட பிறகு பாருங்கள். ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். அதற்குத் தனியாகப் பணம் வேண்டும் என்றால் பில்லில் போட்டுக் கேளுங்கள், கொடுக்கிறோம்.

அடுத்தது, ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையாவது குஷனை வேறு அளவுக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கொடுங்கள். முழு மாஸ்க்கையும் மாற்றச் சொல்லவில்லை. அந்த ஒரு குஷனின் விலையை எல்லாருடைய பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாலும் எங்களுக்குச் சம்மதம். பெரிய விற்பனையாளராக இருந்தால் கம்பெனியிடம் பேசி அந்தச் செலவை அவர்கள் தலையில் கட்டுவது உங்களால் முடியாததில்லை.

பில்லில் மாடல் பெயரோடு குஷனின் அளவையும் எழுதுங்கள். டாக்டருக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டிலும் அது இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து, இவர் ஏன் போடவில்லை என்று அவர் கேட்கும்போது எங்களைப் பார்க்கும் முன் அந்த வரியைப் பார்ப்பார்.

கடைசியாக ஒன்று. பீரோவுக்கு மேலே ஏறிவிட்ட மெஷின்கள் உங்கள் விற்பனைப் பட்டியலில் இருக்கின்றன; பெண்கள் பெயரில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு போன் போடுங்கள். மாஸ்க் போடுகிறீர்களா என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். என்ன அளவு மாஸ்க் கொடுத்தோம், அது எங்கே உறுத்துகிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி